ஒரு முழம் நாலு விரல்

நான் பயந்தாங்கொள்ளி. சொல்ல வெட்கமில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். "அக்காவுக்குப் பயப்பட ஏதாவது ஒண்ணு இருந்தாத்தான் நிம்மதி" என்று என் தங்கச்சி கேலி செய்வாள். அப்படிப்பட்டவள், நிஜமாகவே பயந்திருக்க வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் ஒன்பது வருஷம் பயமே இல்லாமல் செய்திருக்கிறேன். செய்ததோடு நிற்காமல் அதைப் புண்ணியக் கணக்கில் வேறு சேர்த்துக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடித்தால்கூடத் தகும்.

எனக்கு வண்ண மீன் கடை. முன்னால் கடை, பின்னால் நான் ஒண்டியாக இருக்கும் ஒற்றை அறை. அன்று மூன்றாவது நாளாக விடாமல் மழை. கடை திறந்த கையோடு ஒரு அம்மாள் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தொட்டிக் கண்ணாடி எல்லாம் ஒரே பாசி. அழுக்குத் தின்னுற மீன் ஒண்ணு இருக்காமே, கண்ணாடியில ஒட்டிக்கிட்டு?"

"சக்கர் மீனா? அதுல நாலு சாதி இருக்கே, எது வேணும்?"

"ஏதோ ஒண்ணு குடும்மா. எல்லாம் ஒண்ணுதானே."

எல்லாம் ஒன்றுதானே. இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் வாய் அடியில்தான், எல்லாம் உறிஞ்சித்தான் ஒட்டிக்கொள்ளும், உண்மை. ஆனால் பொடியன் என்று நான் கூப்பிடும் முதல் சாதி எத்தனை வருஷம் வளர்த்தாலும் சுண்டுவிரல் நீளம் வராது. இரண்டாவது மீசைக்காரன், மூக்கெல்லாம் முள் முள்ளாக இருக்கும். உள்ளங்கை நீளம் வந்ததும் நின்றுவிடுவான், அதற்குமேல் ஒரு விரல் வளர்ந்தால் அதிசயம். மூன்றாவது பொன்னன். ஒரு சாண் வளர்வான், சின்னதில் பாசி தின்பவன் பெரியவனானதும் பக்கத்து மீனின் முதுகை உறிஞ்சும் ரவுடியாகிவிடுவான். நாலாவதுதான் டேங்க் கிளீனர். எல்லாரும் கேட்பது அதைத்தான், கிடைப்பதும் அதுதான். முழம் வளரும். முழத்தைத் தாண்டியும் வளரும்.

வம்பு என்னவென்றால், கட்டைவிரல் அளவில் இருக்கும்போது மீசைக்காரனையும் டேங்க் கிளீனரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முதுகுத் துடுப்பை விரித்து உள்ளே இருக்கும் குச்சிகளை எண்ண வேண்டும். எட்டு என்றால் சின்ன சாதி. பத்தைத் தாண்டினால் பெரிய சாதி. யார் எண்ணுகிறார்கள்? அந்த அம்மாளும் எண்ணவில்லை. டேங்க் கிளீனர் குட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, போகும்போது சுவரில் இருந்த பலகையைப் படித்துச் சிரித்தார்.

"வளர்ந்துவிட்டால் கொண்டுவாருங்கள். அதைக் கொடுத்து ஒரு குட்டியை வாங்கிப் போங்கள்." என் கடையின் சட்டம் அது. நானே போட்டது. மற்ற கடைக்காரர்கள் விற்றதோடு கை கழுவிவிடுவார்கள். தொட்டிக்குள் திரும்பக்கூட முடியாமல் கிடக்கும் மீனை ஜனங்கள் சாக்கடையில் வீசுவார்கள். எனக்கு மனசு கேட்காது. அதனால் திருப்பி வாங்கிக்கொள்வேன். வாங்கியதும் பின்னறைக் கதவு நிலையின் வலது சட்டத்தில் அதைச் சாய்த்து வைத்து, வால் நுனியில் ஒரு கோடு போடுவேன். இடது சட்டத்தில் எங்கள் அப்பா போட்ட கோடுகள், தங்கச்சி சின்னப்பிள்ளையாக இருந்தபோது வருஷத்துக்கு ஒன்று. வலது சட்டத்தில் மீன்கள். அந்தப் பக்கம் நூற்று அறுபத்தேழு கோடுகள். ஆகப் பெரியது ஒரு முழமும் நாலு விரலும்.

அப்புறம் விடுமுறை நாள் சாயங்காலம் அவற்றை ஈரத் துணியில் சுற்றி, வாளியில் வைத்து, ஸ்கூட்டரில் பெரிய ஏரிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். கொல்ல மனசு வராது. தண்ணீருக்குள் அது நழுவிப் போகிறபோது "போய்ப் பிழைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வருவேன். சந்தோஷமாக இருக்கும்.

அந்த அம்மாள் போய்க் கொஞ்ச நேரத்தில் என் மாப்பிள்ளை வந்தார். தங்கச்சி புருஷன். பெரிய ஏரியின் மதகைத் திறந்து மூடும் வேலை அவருக்கு. கரையைக் கவனித்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. கரையை ஒட்டிக் கீழே இருக்கும் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. சமையலறைக்கு இடம் பற்றவில்லை என்று கரையின் அடிமண்ணைக் கொஞ்சம் வெட்டித்தான் சுவர் எழுப்பியிருந்தார்கள். தங்கச்சிக்கு வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம். பாப்பா பிறந்து பத்தொன்பது நாள்.

"அக்கா, கொஞ்சம் வீட்டுக்குப் போறீங்களா? சமையலறைத் தரை ஈரமா இருக்குன்னு அவ பயப்படுறா. சாக்கு வாங்க வந்தேன், உடனே கரைக்குத் திரும்பணும், ஏரி முட்ட முட்ட நிக்குது."

"அவளா பயப்படுறா? அது என் வேலை ஆச்சே. ஏன் மாப்ளே, கரை நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எலித் தொல்லைதான். மழைக்கு முன்னாடி தண்ணி இறங்கியிருந்துச்சுல்ல, அப்பப் பார்த்தேன், உள்பக்கச் சரிவுல அங்கங்க வளை. மண் மூட்டை வச்சு வாயை அடைச்சுட்டேன்." அவர் சட்டைக் கையை மேலே தள்ளினார். "ஒண்ணுல கையை விட்டுப் பார்த்தேன். தோள் வரைக்கும் போச்சு, அடி தட்டலை. உள்ள ஏதோ சொரசொரன்னு இருந்துச்சு, சடார்னு அசைஞ்சு கையைக் கிழிச்சுருச்சு. பெருச்சாளி போல."

நான் அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே நாலைந்து கீறல், ஒன்றுக்கொன்று இணையாக, அரம் வைத்து இழுத்ததுபோல. பல் பட்ட தடம் இல்லை. நகம் பட்ட தடமும் இல்லை.

அதே கீறல் என் முன்கையில் இருக்கிறது. பழசும் புதுசுமாகப் பத்துப் பதினைந்து இருக்கும். டேங்க் கிளீனரைத் துணி சுற்றாமல் தூக்கினால் பக்கத்துடுப்பு முள்ளை விரித்து அப்படித்தான் இழுத்துவிடும்.

முன்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"வளை எப்படிப் போச்சு மாப்ளே? மேல ஏறிச்சா, கீழ சரிஞ்சுதா?"

"கீழ சரிஞ்சுதான் போச்சு. ஏன்?"

எலி தன் வீட்டுக்குள் தானே தண்ணீர் விட்டுக்கொள்ளுமா? ஏரி நிறைந்தால் மூழ்குகிற இடத்தில், அதுவும் கீழ்நோக்கி? எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய சாதி குஞ்சு பொரிக்க மண்கரையைத் தோண்டும் என்று எனக்கு மீன் குட்டி கொடுக்கிற பண்ணைக்காரர் எப்போதோ சொன்னார். இரண்டு முழம், இரண்டரை முழம் உள்ளே போகும் என்றார். அவர் குளத்தின் வரப்பே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டதாம். நான் "அப்படியா" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். என் மண்டையில் அன்று என்ன இருந்ததோ!

"சும்மா கேட்டேன்" என்றேன்.

அவர் போய்விட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நான் நின்றேன். மூலைத் தொட்டியில் முந்தாநாள் திரும்பி வந்த, இன்னும் கோடு போடாத ஒன்று கண்ணாடியில் வாயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. ஒரு முழம் இருக்கும். யாராவது வந்து பார்த்துவிட்டால்? இந்த மீனுக்கும் அந்த வளைக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால்? அவசரமாக அதைத் துணியில் சுற்றி வாளியில் போட்டு மூடி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று யோசிக்கவில்லை. பாதி வழியில்தான் உறைத்தது, என் கை தன்பாட்டுக்கு வண்டியை ஏரியில் நான் வழக்கமாக மீன் விடும் படிக்கட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. நடுத்தெருவில் பிரேக் போட்டேன். பின்னால் வந்தவன் என் வம்சத்தையே திட்டிவிட்டுப் போனான். வாளியோடு தங்கச்சி வீட்டுக்குத் திரும்பினேன்.

தங்கச்சி கட்டிலில் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? போய்ப் பாரு. சுவரும் தரையும் சேர்ற இடத்துல கசியுது. அவர் காலையில பார்த்துட்டுச் சொன்னார், தெளிஞ்ச தண்ணியா வந்தா பயமில்லை, எந்தக் கரையும் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்னு. கலங்கி வந்தா மட்டும் சொல்லு, கரை மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம்னார்."

தண்ணீரைப் பார்ப்பதுதான் என் தொழில். தொட்டித் தண்ணீர் லேசாக மங்கினால் ஒரு நாள் முன்னதாகவே எனக்குத் தெரியும். ஒரு கண்ணாடி பாட்டிலில் கசிவைப் பிடித்து, பின்னால் எழுத்து உள்ள எதையாவது வைத்துப் படித்துப் பார்ப்பேன். அலமாரியில் பாப்பாவின் ஆஸ்பத்திரி அட்டை இருந்தது. அதை வைத்தேன். பிறந்த தேதி, எடை, நீளம் 51 செ.மீ. பொடி எழுத்துக்கூடத் தெரிந்தது.

"தெளிவாத்தான் இருக்கு" என்றேன். எனக்கு மூச்சு வந்தது.

"அதான் நானும் சொல்றேன். உட்காரு. ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு? பேயைப் பார்த்தவ மாதிரி."

"மழையில வந்தேன்ல."

"பாப்பாவுக்குத் தலை நிக்கட்டும் அக்கா, உன் கதவு நிலையில கோடு போட்டுரணும். என் கோட்டுக்குப் பக்கத்துலயே. அப்பா எனக்குப் போட்ட மாதிரி."

நான் தலையை ஆட்டினேன். மறு பக்கத்துக் கோடுகள் என் கண்ணுக்குள் ஏறி இறங்கின. நூற்று அறுபத்தேழு. அதில் பாதி பெட்டை என்றால்? ஒரு பெட்டை முந்நூறு முட்டை இடும். ஒன்பது வருஷம். கணக்கைப் பாதியிலேயே விட்டேன். நடுவில் ஒரு ஆசையும் வந்தது. ஒருவேளை நான் விட்டதெல்லாம் செத்திருக்கலாம். ஒருவேளை அது பெருச்சாளிதானோ என்னவோ. பொய்யை நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அரைமணிக்கு ஒருதரம் பாட்டிலைப் பிடித்தேன். மதியம் ஒரு மணிக்குப் பிடித்தபோது அட்டையில் பெரிய எழுத்து தெரிந்தது. பொடி எழுத்தைக் காணோம். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 51 என்ற எண்ணில் ஐந்து எது, ஒன்று எது என்று பிரியவில்லை.

"கிளம்புடி" என்றேன். "பாப்பாவை எடு. என் வீட்டுக்குப் போகலாம்."

தங்கச்சி பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். "தெளிவாத்தானே இருக்கு?"

"உனக்கு அப்படித்தான் தெரியும். எனக்குத் தெரியுது, கலங்கிருச்சு. ஒரு சொட்டுப் பால் விழுந்த மாதிரி."

"நீ பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுறவ. தையல் இன்னும் வலிக்குது எனக்கு. இந்த மழையில பச்சைப்பிள்ளையை எப்படித் தூக்கிட்டு வருவேன்? அவர் எலிதான்னு சொல்றார். வேற ஏதாவதுன்னா காரணம் சொல்லு, வர்றேன்."

காரணம் தொண்டைவரை வந்தது. மென்று விழுங்கினேன். கரைக்குக் கீழே நாற்பது வீடு. சொன்னால் ஊர் என்னை உயிரோடு விடுமா? போலீஸ், கேஸ், கடை. அதெல்லாம்கூடப் போகட்டும், இவள் என்னைப் பார்க்கிற பார்வை? அம்மா அப்பா போனபிறகு இவளுக்கு எல்லாம் நான்தான். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதோ வர்றேன், நீ சமையலறைக்குள்ள மட்டும் போகாதே" என்று சொல்லிவிட்டு மழையில் ஸ்கூட்டரைக் கரைமேல் ஏற்றினேன்.

கரைமேல் மாப்பிள்ளையோடு ஏரிக்குப் பொறுப்பான இன்ஜினியர் அம்மா நின்றிருந்தார். மஞ்சள் மழைக்கோட்டுக்குள் சின்ன உருவம், கையில் நனைந்த வரைபடம். தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. மழைத்துளி விழுந்து ஏரி முழுக்கக் கொதிப்பதுபோல இருந்தது. அதன் அடியில் என்ன தோண்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"மேடம், மதகைத் திறங்க" என்றேன். பாட்டிலை நீட்டினேன். "கசிவு கலங்கிருச்சு."

அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "லேசாத்தான். மழைத்தண்ணி கலந்திருக்கலாம். அம்மா, ரெண்டு கதவையும் முழுசாத் திறந்தா கீழ கடைத்தெருவுக்குள்ள தண்ணி போயிரும். எலி வளைக்காக அதைச் செய்ய முடியாது. எலி வளை ரெண்டு அடி போகும், அவ்வளவுதான். கரை மேலயே பன்னிரண்டு அடி அகலம்."

"எலி இல்லை."

"பின்ன?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். இப்போதும் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடலாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம், எலி சுமக்கட்டும். கரை நின்றுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நிற்காவிட்டால் என் தங்கச்சி அந்தக் கட்டிலில் இருக்கிறாள்.

"சக்கர் மீன் மேடம். டேங்க் கிளீனர். தோண்டுறது அதுதான்."

அந்த அம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "டேங்க் கிளீனரா? என் வீட்டுத் தொட்டியிலயே இருக்கே. மூணு வருஷமாச்சு, இத்தனூண்டு." உள்ளங்கையைக் காட்டினார். "அது பாட்டுக்குக் கட்டைக்கு அடியில கிடக்கும். அதுவா கரையைத் தோண்டும்?"

"அதுக்கு மூக்குல மீசை இருக்கா?"

"இருக்கு."

"அது மீசைக்காரன். அது வேற சாதி, அவன் கல்லு இடுக்கைத் தேடுவான், மண்ணைத் தொடமாட்டான். நான் சொல்றது இது."

ஸ்கூட்டரிலிருந்து வாளியைக் கொண்டுவந்து, துணியோடு அதை எடுத்துக் கரைமேல் வைத்துப் பிரித்தேன். கறுப்புப் புள்ளி போட்ட கவச உடம்பு, பாய்போல் விரிந்த முதுகுத் துடுப்பு. மூன்று மணிநேரம் துணிக்குள் கிடந்தும் உயிரோடு இருந்தது. பக்கத்துடுப்பு முள்ளை விரித்தது. மாப்பிள்ளை கையை அதன் பக்கத்தில் இழுத்து வைத்தேன். முள்ளின் வரிசையும் கீறலின் வரிசையும் ஒன்றாக இருந்தன.

அவர் கையை உருவிக்கொண்டு, "இது எப்படி அக்கா ஏரிக்குள்ள வந்துச்சு?" என்றார்.

"நான்தான் விட்டேன். ஒன்பது வருஷமா. வளர்ந்து திரும்பி வர்றதை எல்லாம் இங்கதான் விட்டேன். நூத்தி அறுபத்தேழு. இப்ப எத்தனைன்னு எனக்குத் தெரியாது, குஞ்சு பொரிச்சுப் பெருகியிருக்கும். வளை ரெண்டு அடி இல்லை மேடம். நாலு அடி போகும். வாயை மூட்டை வச்சு அடைச்சாலும் பக்கத்துல இன்னொண்ணு போடும். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா உள்ளேயே குகை ஆயிரும். எங்க தங்கச்சி வீட்டுச் சமையலறை வேற அந்தப் பக்கமா கரைக்குள்ள ஏறி நிக்குது."

அழுதுகொண்டேதான் சொன்னேன். மழையில் அது யாருக்குத் தெரிந்தது.

இன்ஜினியர் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரைபடத்தை மடித்துச் சட்டைக்குள் போட்டார். "இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் வெட்டு" என்று தனக்குள் முணுமுணுத்தார். பிறகு போனை எடுத்துக் கடைத்தெருவைக் காலி செய்யச் சொன்னார். மாப்பிள்ளையிடம் திரும்பி, "ரெண்டு கதவையும் முழுசாத் திற" என்றார்.

மாப்பிள்ளை மதகை நோக்கி ஓடினார். ஓடும்போது திரும்பி, "அக்கா, அவளை வெளிய கொண்டாங்க!" என்று கத்தினார். அந்தக் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

கரைச்சரிவில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே இறங்கினேன். வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து, யாரோ கொதிக்கிற உலையை இறக்க மறந்ததுபோல, குபுகுபுவென்று. தரை ஓடு ஒன்று எழும்பிக் குடைசாய்ந்திருந்தது. அதன் கீழிருந்து தண்ணீர் பொங்கியது. இப்போது பாட்டிலும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். செம்மண் குழம்பு.

தங்கச்சி பாப்பாவை மார்போடு அணைத்துக் கட்டிலில் சுவரோடு ஒட்டி நின்றாள். "காரணம் சொல்லு" என்று மறுபடியும் சொன்னாள். பயத்தில் அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை போலிருந்தது.

"நான் விட்ட மீனுடி. கடையில திரும்பி வந்த மீனை எல்லாம் ஏரியில விட்டேன். அதுதான் கரையைத் தோண்டிருச்சு. பிள்ளையைக் குடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வினாடிதான். பிறகு பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நடந்தாள்.

பாப்பாவைச் சுற்றியிருந்த துண்டு வாசலைத் தாண்டியதும் நனைந்துவிட்டது. ஒரு கையால் தங்கச்சியைத் தாங்கிக்கொண்டு, மறு முன்கையில் பாப்பாவைப் படுக்க வைத்திருந்தேன். தலை என் முழங்கை மடிப்பில். பாதம் என் விரல் நுனியைத் தாண்டி நாலு விரல். ஈரத் துணிக்குள் அந்தக் கனம் நெளிந்தது. அந்த நீளம் என் கைக்குத் தெரியும். அந்த நெளிவும் தெரியும். நூற்று அறுபத்தேழு தடவை இப்படித்தான் கரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் கை அதை உணர்ந்த நொடியில், எங்கே நழுவவிட்டுவிடுவேனோ என்று பிள்ளை வீறிடும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தெருமுனை மேட்டை எட்டியபோது பின்னால் கதவை அறைந்ததுபோல ஒரு சத்தம். சமையலறை இல்லை. இருந்த இடத்தில் சுவரும் கூரையும் குழிக்குள் போயிருந்தன. குழியிலிருந்து தண்ணீர் தெருவுக்கு வந்தது. முழங்கால் அளவு, அப்புறம் தொடை அளவு. நாற்பது வீட்டு ஜனங்களும் அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தார்கள். எல்லாரும் கரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். உடைந்தால் மேடும் மிஞ்சாது என்று எல்லாருக்கும் தெரியும்.  மதகுப் பக்கம் தண்ணீர் இரைவது மட்டும் கேட்டது. அந்த இரைச்சல் ஏற ஏற, தெருத் தண்ணீர் தொடையிலேயே நின்றது. ஒரு மணிநேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

கரை நின்றுவிட்டது.

மறுநாள் காலை அந்த வரிசைக்காரர்கள் கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீரைப் பார்த்தே சொல்லி நாற்பது குடும்பத்தைக் காப்பாற்றிய மகராசி நான். மாப்பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. இன்ஜினியர் அம்மா மட்டும் நான் சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். கேஸ் வந்தால் வரட்டும். அன்று அந்த நன்றியை வாங்கிக்கொண்டதைவிட ஜெயில் எளிதாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஏரி பாதிக்கு இறங்கியதும் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்சரிவு முழுக்க வளை. சல்லடை மாதிரி. அவர் எண்ணிக்கொண்டே போனார், நானூறில் விட்டுவிட்டார். பல வளையில் என் கட்டைவிரல்கூட நுழையாது. இப்போதுதான் தோண்டப் பழகும் குட்டிகள். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை காலியாக இருந்தன.

தங்கச்சி என் பின்னறையில்தான் இருக்கிறாள். வீடு சரியாகும்வரை. என்னோடு பேசுகிறாள், சாப்பாடு வாங்கிக்கொள்கிறாள், பாப்பாவைக் கொடுக்கிறாள். அன்று சாயங்காலம் நான் சுண்ணாம்பும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வலது சட்டத்துக் கோடுகளை அழிக்க உட்கார்ந்தேன். பலகையை முன்பே கழற்றி உடைத்துவிட்டேன். முதலில் ஆகப் பெரிய கோட்டில் தூரிகையை வைக்கப்போனபோது அவள் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வளையெல்லாம் காலியா இருந்துச்சுன்னு அவர் சொன்னார்" என்றாள். "அதுங்க எல்லாம் எங்கக்கா போச்சு?"

"மதகு திறந்தோம்ல. தண்ணியோட போயிருக்கும். ஆத்துக்கு."

"ஆத்துலயும் கரை இருக்குமே."

"இருக்கு."

அவள் பாப்பாவின் காலைத் துணிக்குள் இழுத்து மூடினாள்.

"அந்தக் கரைக்குக் கீழ யாரு தங்கச்சி இருக்காளோ" என்றாள்.

நான் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். கோடுகள் அப்படியே இருக்கின்றன.